பச்சை பிடிக்கும் வரை

தமிழில் பவளத்துக்குப் பெயர்கள் குறைவில்லை. சங்கப் பாடல்களில் அது துகிர். பின்னர் பவளம், பவழம். ஈழத்து வழக்கில் முருகைக்கல். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களுள் பவளமும் ஒன்று என்று பட்டினப்பாலை காட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வணிகக் கையேடு, முசிறியில் வந்திறங்கிய மேலைச் சரக்குகளின் பட்டியலில் பவளத்தையும் சேர்க்கிறது. உரோமப் பெண்கள் இந்திய முத்தை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்களோ, இந்தியர்கள் பவளத்தை அவ்வளவு மதிக்கிறார்கள் என்று அதே நூற்றாண்டின் பிளினி எழுதிவைத்தார். இந்தப் பெயர்களையும் குறிப்புகளையும் வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. இவையெல்லாம் பவளம் இறந்த பின் எஞ்சுவதைக் குறிப்பவை. நூலில் கோத்தால் மணி. சூளையில் எரித்தால் சுண்ணாம்பு. உயிரோடு நீருக்குள் அசைந்துகொண்டிருப்பது இச்சொற்களின் பார்வைக்கு வெளியே நிற்கிறது.

அணியாகும் செம்பவளம் மத்தியதரைக் கடலின் அடியில் வளர்வது. அதன் சிவந்த கிளைகளின்மேல் வெண்ணிறப் பூக்கள்போல நுண்ணிய பாலிப்புகள் விரியும். ஒவ்வொரு பாலிப்புக்கும் 8 உணர்விழைகள். பாறை கட்டும் கல்பவளங்களுக்கோ 6 அல்லது ஆறின் மடங்கு. எட்டின் கணக்கில் வருபவை ஒரு குலம்; ஆறின் கணக்கில் வருபவை மற்றொரு குலம். மோதிரத்தில் பதித்த அந்தச் சிவப்புக் கல்லுக்கு, இராமேசுவரத்திலும் கீழக்கரையிலும் நாம் காணும் கற்பாறைப் பவளங்களைவிட, எலும்புக்கூடே இல்லாத மென்பவளங்கள்தாம் நெருங்கிய உறவு. அறியும்போது சற்றே வியப்பூட்டும் உறவுமுறை இது.

அப்படிப்பட்ட மென்பவளம் ஒன்று சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு வந்தது. கடைக்காரர் மொழியில் அதன் பெயர் ‘டோட்ஸ்டூல்’, அதாவது நாய்க்குடை. பெயரில் பழுதில்லை. தடித்த தண்டு, மேலே விரிந்த குடை, குடையின் பரப்பெங்கும் புல் முளைத்தாற்போல நூற்றுக்கணக்கான பாலிப்புகள். விலங்கியலார் இட்ட பெயர் சார்க்கோஃபைட்டான். கிரேக்கத்தில் அதற்குச் சதைச்செடி என்று பொருள். விலங்கு என்று ஐயமற நிறுவப்பட்ட பின்னரும் பெயருக்குள் ஒரு செடி ஒளிந்துகொண்டிருக்கிறது.

எங்களில் ஒருவர் தொடக்கக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். முதுகலை வகுப்பில் தொல்காப்பிய மரபியலைப் பாடம் கேட்ட நாள்முதல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிவைத்த அப்பகுதி அவர் மனத்தில் தங்கிவிட்டது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு மட்டும். நத்தை முதலியவற்றுக்கு அதனோடு சுவையும். மற்றவர் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரிகளோடு பகலைக் கழிப்பவர். “கண் இல்லை, வெளிச்சம் தெரிகிறது. நாக்கு இல்லை, நீரில் கரைந்ததெல்லாம் தெரிகிறது. உங்கள் தொல்காப்பியர் இதை எந்த வரிசையில் உட்கார வைப்பார்?” என்று அவர் கேட்பதுண்டு. விடை கிடைக்காத இத்தகைய கேள்விகளுக்காகவே எங்கள் வீட்டுக் கூடத்தில் 120 லிட்டர் கடல்நீர் மூன்றாண்டுகளாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், சங்குகளை மாற்றி மாற்றிக் குடியேறும் துறவி நண்டுகள். நாய்க்குடை வந்தது அந்தக் குடும்பத்துக்கு.

* * *

வாங்குமுன் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது. இது கடலில் பறித்ததா, பண்ணையில் வளர்த்ததா?

அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குசெய்யும் சைட்டிஸ் ஒப்பந்தம் கல்பவளங்களைத் தன் இரண்டாம் பட்டியலில் வைத்திருக்கிறது. நாய்க்குடை போன்ற மென்பவளங்களுக்கு அந்தக் காவல் இல்லை. இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தியது; 2020இல் பண்ணையில் வளர்த்தவற்றுக்கு மீண்டும் வழிவிட்டது. எங்களுக்கு வந்தது பாலித் தீவின் கடலோரப் பண்ணையில் தாய்ப்பவளத்திலிருந்து வெட்டி வளர்த்த துண்டு என்றார் கடைக்காரர். அடியில் அது பற்றியிருந்த சிமென்ட் வில்லை அவர் சொல்லுக்குச் சான்றாக இருந்தது. கடலில் பறித்ததற்கு இப்படி வட்டமான பீடம் இராது. அந்த வில்லையைத் தடவிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். ஆயினும், கடலிலிருந்து எடுத்து வந்து ஒரு கூடத்தின் மூலையில் வைக்கத்தான் போகிறோம் என்ற உறுத்தல் முற்றிலும் நீங்கிவிட்டதென்று சொல்லமாட்டோம். அது இனி வாழவேண்டும் என்பதொன்றே அந்த உறுத்தலுக்கு நாங்கள் அளிக்கக்கூடிய விடையாக இருந்தது.

பயணத்தில் பவளத்துக்கு நேர்வது என்ன என்பதைச் சற்று விளக்கவேண்டும். பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் கடல்நீர், மேலே ஆக்சிஜன், வெளியே தெர்மாகோல் பெட்டி, முழு இருட்டு. பண்ணையிலிருந்து எங்கள் வாசல்வரை ஒன்றரை நாள் ஆகியிருந்தது. பவளம் அச்சத்தில் தன்னுள் இருக்கும் நீரையெல்லாம் வெளியேற்றிச் சுருங்கும்; கோழையைக் கக்கும். அந்தக் கோழையும் கழிவும் பைநீரில் அம்மோனியாவாகச் சேரும். மூச்சுவிட்ட கரியமில வாயுவால் நீரின் காரத்தன்மை குறையும். இதில் ஒரு விந்தை உண்டு. காரத்தன்மை குறைந்த நீரில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கிறது. பையைத் திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறுகிறது, காரத்தன்மை ஏறுகிறது, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகிறது. எனவே பையைத் திறந்துவைத்துவிட்டு, துளித்துளியாகத் தொட்டிநீரைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருப்பது இரக்கமான செயலாகத் தோன்றினாலும், உயிரை அதே நஞ்சில் ஊறவைப்பதாகவே முடியும்.

ஆகவே பையைத் திறக்காமல் தொட்டியின் மேல்பரப்பில் 20 நிமிடம் மிதக்கவிட்டோம். வெப்பநிலை சமமானது. திறந்ததும் பைநீரின் உப்பளவை அளந்தோம். எங்கள் தொட்டியின் அளவான ஆயிரத்துக்கு 35 பங்கைவிடச் சற்றுக் குறைவு. ஒரு கிண்ணத்தில் அதற்கேற்ப நீர் கலந்து பவளத்தை மாற்றி, அரைமணி நேரத்துக்குள் தொட்டிநீருக்கு நிகராக்கினோம். பைநீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகவில்லை. பவளங்களுக்கென்று விற்கும் அயோடின் கரைசலில் சில நிமிடம் முக்கி எடுத்தபோது தட்டைப்புழுக்கள் இரண்டு கழன்று விழுந்தன. அதன்பின் தொட்டியின் அடியில், ஒளி குறைந்த மூலையில், ஒரு கல்லின் நிழலில் வைத்தோம்.

ஒளி குறைந்த இடம் ஏன் என்று வாசகர் கேட்கலாம். நாய்க்குடையின் சதைக்குள் கோடிக்கணக்கான நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் அவை சமைக்கும் சர்க்கரையில்தான் பவளம் பெரும்பாலும் உயிர்வாழ்கிறது. ஒன்றரை நாள் இருட்டில் கிடந்த பாசிகளின்மேல் திடீரென்று முழு வெளிச்சம் பாய்ந்தால், அவற்றின் சமையல் கட்டுமீறி, வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கும். அவை இருவருக்குமே கேடு. பசித்தவனுக்கு முதலில் கஞ்சிதான், விருந்து பிறகு.

* * *

வந்திறங்கியபோது அதைக் கண்டவர்கள் எவரும் உயிருள்ளது என்று சொல்லியிருக்கமாட்டார்கள். விரிந்தால் தட்டளவு வரும் என்று சொல்லப்பட்ட குடை, கைமுட்டியளவு சுருங்கி, சாம்பல் நிறத்தில், நனைந்த தோல்பைபோலக் கிடந்தது. பாலிப்புகள் இருந்த இடங்களில் ஊசிமுனைப் புள்ளிகள் மட்டும்.

முதல் நாள் அப்படியே. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. கோமாளி மீன்கள்தாம் முதலில் பொறுமையிழந்தன. இயற்கையில் கடல்தாமரைகளின் மடியில் வாழும் இம்மீன்கள், தொட்டியில் தாமரை இல்லாதபோது நாய்க்குடையைத் தாமரையாகப் பாவித்துக்கொள்வதுண்டு. இரண்டும் சேர்ந்து மூடிக்கிடந்த பவளத்தின்மேல் புரண்டு புரண்டு உடலைத் தேய்த்தன. நலிந்துகிடப்பவரைத் தட்டி எழுப்பி நலம் விசாரிக்கும் உறவினர்கள் எல்லாக் குலத்திலும் உண்டு போலும். காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் பவளத்துக்கு வேலியிட்டோம்.

நான்காம் நாள் அதன் மேற்பரப்பில் மெழுகு பூசினாற்போல ஒரு பளபளப்பு தோன்றியது. காய்ச்சிய பாலின்மேல் படியும் ஆடைபோல மெல்லிய படலம். அடுத்த நாள் அந்த ஆடைமேல் தூசும் பழுப்புப் பாசியும் படிந்தன. நாய்க்குடைப் பவளங்களின் இயல்பு இது. தன்மேல் படிந்த பாசியையும் நுண்கிருமிகளையும் கழற்றிப்போட இவ்வினம் அவ்வப்போது ஒரு மெழுகுத் தோலை உண்டாக்கி, பாலிப்புகளை உள்ளிழுத்து, நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். பின்னர் நீரோட்டத்தில் அந்தத் தோல் பாம்புச் சட்டைபோல உரிந்துபோகும். இடம் மாறிய அதிர்ச்சிக்கும் அது இப்படியே விடையிறுக்கிறது. இதையெல்லாம் படித்து அறிந்திருந்தோம். ஆனால் படித்து அறிந்தது ஒன்று. கண்ணெதிரே நாள்தோறும் அழுக்கேறிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது மற்றொன்று. ஒரு மென்தூரிகையால் அந்த ஆடையை ஒரே நிமிடத்தில் வழித்தெடுத்துவிடலாம். அப்படி வழித்தால், அடியில் முதிராத தோலும் உடன் கிழியும்.

ஞாயிறுதோறும் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு தொலைபேசியில் பேசும் அம்மாவிடம் அந்த வாரம் இதைத்தான் சொன்னோம். கண்ணாடித் தொட்டிக்குப் பணத்தைக் கொட்டுவது அம்மாவுக்கு உடன்பாடில்லாத காரியம். எனினும் முழுவதையும் கேட்டுவிட்டு மருமகனிடம் சொன்னார்: “மாப்பிள்ளை, நாத்து நட்டா தலை சாயத்தான் செய்யும். பச்சை புடிக்கிற வரைக்கும் வயல்ல கால வெக்கப்படாது. தண்ணிய மட்டும் பாத்துக்கங்க.”

நடவு வயலில் பச்சை பிடிப்பது என்ற சொல்லை அறியாதவர்களுக்காக: நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் முதல் சில நாட்கள் வெளுத்துத் துவண்டு கிடக்கும். புது மண்ணில் வேரூன்றிய பிறகே பசுமை திரும்பும். அதுவரை உழவருக்கு வயலில் வேலை, மெல்லிய தண்ணீர்க் கட்டைக் காத்து நிற்பது. நீர் மிகுந்தால் நாற்று மூழ்கும், வற்றினால் வாடும். பயிரைத் தொடுவதற்கு ஒன்றுமில்லை.

இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் ஒருவர் இருக்கும் வீட்டில், எங்களுக்கு வேண்டியிருந்த சொல் நாற்பது ஆண்டு நடவு வயலில் நின்ற ஒருவரிடமிருந்து வந்தது. அன்றிலிருந்து எங்கள் நாட்குறிப்பில் பவளத்தைப் பற்றிய வரிகள் குறைந்து நீரைப் பற்றிய வரிகள் கூடின.

* * *

தண்ணீரைப் பார்த்துக்கொள்வது எளிய வேலை அன்று. சிங்கப்பூரின் பகல் வெப்பம் 31 பாகையைத் தொடுகிறது. தொட்டியின்மேல் இரண்டு சிறு விசிறிகள் இரவும் பகலும் சுழன்று நீரை 27 பாகையில் நிறுத்துகின்றன. ஆவியாதலால் வரும் குளிர்ச்சி அது. ஆனால் நீர்தான் ஆவியாகிறதே தவிர உப்பு ஆவியாவதில்லை. நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குறையும். குறைந்ததைக் கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பும் தாதும் நீக்கிய தூயநீரால் காலையும் மாலையும் கோட்டளவுக்கு நிரப்பினோம். பவளத்தின் சதைக்குள் இருப்பதும் ஏறத்தாழ அதே கடல்நீர்தான். வெளியில் உப்பு ஏறியிறங்கும்போது அதைத் தடுத்து நிற்கும் வல்லமை அதற்கு இல்லை.

நீரோட்டத்தையும் கவனிக்கவேண்டியிருந்தது. ஓட்டமில்லாத மூலையில் கோழை தேங்கி அழுகும். நேரே பீய்ச்சியடிக்கும் ஓட்டத்தில் பவளம் மேலும் சுருங்கும். கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பும் ஓட்டம் கூடைக்குள் வருமாறு இறைப்பானைத் திருப்பி வைத்தோம். வடிகட்டியில் ஊக்கப்படுத்திய கரித்தூள் ஒரு பை. மென்பவளங்களுக்குக் கல்லில்லை, பதிலுக்கு நஞ்சு இருக்கிறது. அண்டையில் வளரும் பவளங்களை அண்டவிடாமல் அவை டெர்பீன் வகைச் சேர்மங்களை நீரில் கசியவிடும். செங்கடல் நாய்க்குடையிலிருந்து 1970களில் பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு சார்க்கோஃபைன் என்றே பெயர் சூட்டினார்கள். நலிந்துகிடக்கும் பவளம் மிகுதியாகக் கசியும். கரி அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இரவுதோறும் அம்மோனியாவை அளந்தோம். 120 லிட்டர் என்பது மிகச் சிறிய கடல். கைமுட்டியளவு சதை ஓர் இரவில் அழுகினால் காலையில் மீன்களும் இராது, நத்தைகளும் இராது. ஒருவேளை நாங்கள் காத்துக்கொண்டிருப்பது மீள்வதற்காக அன்றி அழுகுவதற்காகவோ என்ற ஐயம் ஒவ்வொரு இரவும் சோதனைக் குழாயில் நிறம் தெளியும் அந்த ஐந்து நிமிடங்களில் வந்துபோகும்.

ஆறாம் நாள் அந்த ஐயத்துக்கு உருவம் கிடைத்தது. தண்டின் அடியில், அனுப்பும்போது யாரோ இறுகக் கட்டியிருந்த ரப்பர் வளையம் பதிந்த தடத்தில், கட்டைவிரல் நகத்தளவு கரும்பழுப்பு. எங்களுக்குள் வழக்கு மூண்டது. பச்சை பிடிக்கும் வரை தொடக்கூடாது என்று ஒருவர். வயலில் பூச்சி கண்ட பின்னும் வரப்பில் நிற்கும் உழவர் உண்டா என்று மற்றவர். யார் எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. மறுநாள் கட்சிகள் மாறியும் இருந்தன.

தீர்ப்பை மூக்கு வழங்கியது. தோல் உரிக்கும் பவளத்தையும் அழுகும் பவளத்தையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். இரண்டும் சுருங்கியிருக்கும், இரண்டும் நிறம் மங்கியிருக்கும். ஆனால் உரிப்பதன் சதை விறைப்பாக இருக்கும். அழுகுவது குழையும், நாறும், நாளுக்கு நாள் பரவும். ஒரு கிண்ணத் தொட்டிநீரில் பவளத்தை எடுத்து முகர்ந்தோம். குடையில் கடல்மணம் மட்டும். அடித்தண்டில் அழுகிய முட்டையின் நாற்றம். முந்தைய நாள் இரவு எடுத்த படத்தோடு ஒப்பிட்டபோது கறை ஒரு நெல்மணியளவு வளர்ந்திருந்தது.

புதிய சவரக்கத்தி ஒன்றால், கறையைச் சுற்றி நல்ல சதையிலும் சிறிது சேர்த்து வெட்டினோம். கத்தி பிடித்தவர் ஆய்வுக்கூடத்தவர். கிண்ணம் பிடித்தவர் கை நடுங்கியது. வெட்டுவாயில் வெள்ளையாக, மணல்போல நறநறத்தது. சதைக்குள் புதைந்திருந்த சுண்ணாம்பு நுண்முட்கள் அவை. எலும்பில்லாத உயிருக்கு அவைதாம் எலும்பு. அயோடின் நீரில் அலசி, கொசுவலைத் துண்டொன்றை அழுத்தாமல் மேலே போர்த்து, ஒரு கல்லோடு சேர்த்துவைத்தோம். மென்பவளத்தை ஒட்டுப்பசையால் ஒட்டமுடியாது, கோழை வழுக்கிவிடும். அது தானாகத்தான் கல்லைப் பற்றவேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கை வைக்காதிருப்பதும் கை வைப்பதும் எதிரெதிரான இரு கொள்கைகள் என்று அந்த ஒரு வாரம் நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்தோம். வெட்டிய பிறகு அப்படித் தோன்றவில்லை. ஆறு நாள் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் ஒரு நெல்மணியளவு மாற்றம் எங்கள் கண்ணில் பட்டது. நாள்தோறும் எடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால் எது பயணத்தின் காயம், எது எங்கள் விரலின் காயம் என்றே தெரிந்திராது.

* * *

பவளம் விலங்கு என்று உலகம் அறிந்த வரலாற்றிலும் இத்தகைய காத்திருத்தல் ஒன்று உண்டு. 1706இல் மார்சீலி என்ற இத்தாலியர், நீரில் வைத்த பவளக்கிளையில் வெண்பூக்கள் மலர்வதைக் கண்டு, பவளம் செடியே என்று அறிவித்தார். பின்னர் 1720களில் மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனல் அதே கிளையை அதே போல நீரில் இட்டுக் கவனித்தார். தொட்டால் பூக்கள் உள்ளிழுத்துக்கொண்டன. கலத்தை அசையாமல் விட்டுவைத்தால் மீண்டும் விரிந்தன. பூ அப்படிச் செய்யாது. இவை விலங்குகள் என்று அவர் பாரிசு அறிவியல் அகாதெமிக்கு எழுதினார். ரியாமூர் என்ற புகழ்மிக்க இயற்கையறிஞர், எழுதியவரின் பெயரைக்கூடச் சொல்லாமல் அக்கருத்தை அவையில் எடுத்துரைத்து மறுத்தார். 1740களில் திராம்பிளே என்பவர் நன்னீர் ஹைட்ராவை ஆராய்ந்து வெளியிட்ட பிறகுதான் பெய்சொனல் சொன்னதைக் கற்றோர் ஏற்றனர். அவர் கண்டதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அசைக்காமல் வைத்த ஒரு கலம் நீர் போதுமாயிருந்தது.

எங்கள் கலத்தில் பதினொன்றாம் நாள் காலை ஆடையின் ஓரம் ஒன்று பிரிந்து நீரில் படபடத்தது. இறைப்பானின் வேகத்தைச் சிறிது கூட்டினோம். மாலைக்குள் கைக்குட்டைக் கிழிசல்கள்போலப் பழுப்புத் தோல் துண்டுதுண்டாக மிதந்து வடிகட்டியில் சேர்ந்தது. அடியில் வெளிப்பட்ட தோல் வெளிர்மஞ்சள், புதிது. பதின்மூன்றாம் நாள் இரவு, கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியின் நீலவெளிச்சத்தில் பார்த்தபோது குடையின் ஓரத்தில் ஏழு பாலிப்புகள் நீண்டிருந்தன. ஏழையும் எண்ணினோம். ஒவ்வொன்றின் நுனியிலும் எட்டு இழைகள், அவற்றையும் எண்ணினோம். எங்களில் எவரும் மற்றவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அதிர்வில் மூடிக்கொள்ளுமோ என்ற அச்சம். ஒருவர் தோளை மற்றவர் தொட்டதோடு சரி.

அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை சிறிது மேலே நகர்த்தி ஒளிக்குப் பழக்கினோம். மூன்றாம் வாரத்தில் தண்டு கல்லைப் பற்றியது, கொசுவலையை நீக்கினோம். கூடையை எடுத்த நாளில் கோமாளி மீன்கள் குடியேறின. இம்முறை குடை அவற்றைப் பொறுத்துக்கொண்டது.

* * *

இது நடந்த சில மாதங்களில், 2024 ஏப்ரலில், உலகின் நான்காவது பெரும் பவள வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல்சார் ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது. சூலையில் சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியும் பவளங்கள் வெளுத்தன. வெப்பம் ஓரிரு பாகை கூடி வாரக்கணக்கில் நின்றால், பவளம் தன் சதைக்குள் குடியிருக்கும் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் அவை திரும்பும்; தணியாவிட்டால் பவளம் பசியால் இறக்கும். அந்நாட்களில் எங்கள் தொட்டியின் முன் அமர்ந்திருக்கும்போது விசிறிகளின் ஓசை காதில் கூடுதலாக விழுந்தது. எங்கள் நீர் ஒரு பாகை ஏறினால் வேகத்தைக் கூட்டுகிறோம். கடலுக்கு விசிறி இல்லை. 2024 திசம்பரில் சிங்கப்பூர் 1,00,000 பவளங்களை வளர்த்துக் கடலில் நடும் திட்டமொன்றைத் தொடங்கியது. நல்ல செய்திதான். நடுகிறவர்கள் பயிரை அறிந்தவர்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் நட்டபின் பார்த்துக்கொள்ளவேண்டிய தண்ணீர் எவர் கைப்பிடியிலும் இல்லை என்பதை எண்ணும்போது அம்மாவின் சொல்லுக்கு வேறொரு கனம் ஏறுகிறது.

நாய்க்குடை இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டை மிஞ்சிவிட்டது. சென்ற ஆண்டு அதன் குடையின் ஓரத்தை வெட்டி நான்கு துண்டுகளாக்கினோம். வெட்டியதிலிருந்தே புது உயிர் கிளைக்கும் இனம் இது, நான்கும் பிழைத்தன. ஒரு துண்டு எங்கள் தொட்டியிலேயே இருக்கிறது. மூன்றை, கடையில் வாங்கவிருந்த மூன்று பேருக்குக் கொடுத்தோம். கடலிலிருந்து வரவேண்டிய மூன்று வராமல் போகட்டும் என்ற சிறிய கணக்கு அது.

வாங்கிப்போனவர்களில் ஒருவர் ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். அடுத்த தொகுதியில் வசிக்கும் சீனப் பெரியவர். பணி ஓய்வு பெற்றவர். பவளத்தின்மேல் அழுக்காக ஏதோ படிந்திருக்கிறது, துடைத்துவிடட்டுமா என்று கேட்டார். நாற்றம் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்றார். சதை விறைப்பாக இருக்கிறதா? இருக்கிறது. உப்பளவு? சரியாக இருக்கிறது. அப்படியானால் துடைக்கவேண்டாம், தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றோம். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். பச்சை பிடிக்கும் வரை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று விளங்காமல், நெல் நடுவதைப் பற்றி அவரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.